வாலால் அளந்த வளை

வாய்க்காலை ஒட்டிய வரப்பின் அடியில் ஒரு பெரிய வளை இருந்தது. அதில் கருமூக்கன் என்ற வயல் எலி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. மனைவியின் பெயர் செம்பி. மூத்த மகன் நெட்டைவாலன், இளைய மகன் கொழுக்கன், கடைசி மகள் மினுக்கி.

கருமூக்கன் தன்னை எலி என்று சொல்லிக்கொள்ளாது. விவசாயி என்றுதான் சொல்லும்.

"உழுறது யாரோ, நடுறது யாரோ! அறுத்து, சுமந்து, உலர்த்தி, சேர்த்து வைக்கிறவன் நான்தானே?" என்று கேட்கும்.

"ஆமாமா. வரி கட்டாத விவசாயி!" என்று செம்பி சிரிக்கும்.

அந்த வளையை இருவரும் சேர்ந்து தோண்டியிருந்தார்கள். கருமூக்கன் பல்லால் தோண்டும். செம்பி மண்ணை வெளியே தள்ளும். வாசலில் நுழைந்ததும் முன்னறை. அதைத் தாண்டினால் நெல்லறை. நெல்லறையைத் தாண்டினால் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று மேலே ஏறிப் பயறு வைக்கும் அறைக்குப் போகும். ஆபத்து வந்தால் தப்பி ஓட, அங்கே ஒரு மறைவாசலும் இருந்தது. இன்னொன்று கீழே இறங்கிக் கடைசி அறைக்குப் போகும். மூன்று பிள்ளைகளும் பிறந்தது அந்த அறையில்தான். அதன் தலைக்கு மேல் மனிதர்கள் நட்ட எல்லைக்கல் இருந்தது. கீரி வந்தாலும் அந்தக் கல்லைத் தாண்டித் தோண்ட முடியாது.

அந்த ஆண்டு அறுவடையின்போது பக்கத்து வரப்பில் இருந்த கிழட்டு எலியைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. மறுநாளே அதன் பிள்ளைகள் நெல்லுக்காக ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டன. இரண்டு செத்தன. ஒன்று நொண்டியானது.

அதைப் பார்த்துவிட்டு வந்த கருமூக்கனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"செம்பி, நான் உயிரோட இருக்கும்போதே பிரிச்சுக் கொடுத்துடறேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"பருந்து அவசரமான்னு கேட்டுட்டா வரும்?"



மறுநாள் காலையில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தது கருமூக்கன். சாட்சிக்கு வேலியிலிருந்து ஓணானை அழைத்து வந்தது. ஓணான் நல்ல சாட்சி. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டும்.

கருமூக்கன் ஒவ்வோர் அறையாகப் போய்த் தன் வாலால் நீளம் அளந்தது, அகலம் அளந்தது. ஓர் அங்குலம் கூடக்குறையப் போய்விடக் கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தது.

"பெரியவனுக்கு முன்னறையும் வாசலும். சின்னவனுக்கு நெல்லறை. ஆனா இருக்கிற நெல்லை மூணு பேரும் சமமா எடுத்துக்கணும். பொண்ணுன்னு குறைக்க மாட்டேன். மினுக்கிக்குப் பயறு அறையும் மறைவாசலும். சரிதானே?"

ஓணான் தலையை ஆட்டியது.

"உங்க அம்மாவுக்குக் கடைசி அறை. வளையிலேயே கதகதப்பான அறை அதுதான். மேலே கல் இருக்கு. கீரி வராது, பாம்பு வராது. எனக்கு எதுவும் வேண்டாம். முறை வச்சு உங்க மூணு பேர்கிட்டயும் சாப்பிட்டுக்கறேன்."

"அப்பா மாதிரி நியாயவான் இந்த வயல்லயே கிடையாது!" என்றது நெட்டைவாலன்.

கருமூக்கனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது செம்பி மெதுவாகக் கேட்டது.

"எல்லாம் சரிங்க. நடுவுல போற வழி யாருக்கு?"

"எந்த வழி?"

"இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போற வழி. நான் வெளியே போகணும்னா எல்லார் வாசலையும் தாண்டித்தானே போகணும்?"

கருமூக்கன் சிரித்தது. "வழி என்ன சொத்தா, செம்பி? மண்ணு இல்லாத இடத்துக்குப் பேரு வழி. வெறும் ஓட்டை! ஓட்டையை எப்படிப் பங்கு போடுறது?"

பிள்ளைகளும் சிரித்தன. ஓணான் தலையை ஆட்டியது. செம்பியும் சிரித்துவிட்டது.

முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகத்தான் போயின. நெட்டைவாலனின் மனைவி குட்டிகள் போட்டது. கண் திறக்காத எட்டுக் குட்டிகள். அவற்றின் மேல் எல்லோருடைய கால் மண்ணும் விழுந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதே. குட்டிங்க கண்ணு திறக்கிற வரைக்கும்தான்" என்று சொல்லி, முன்னறைக்கும் நெல்லறைக்கும் நடுவே நெட்டைவாலன் ஒரு சுவர் வைத்தது.

கண் திறந்த பிறகும் சுவர் நின்றது.

கொழுக்கனுக்குக் கோபம் வந்தது. "அண்ணனுக்கு மட்டும்தான் சுவர் வைக்கத் தெரியுமா?" வரப்பின் பக்கவாட்டில் தனக்கென்று ஒரு புது வாசலைத் தோண்டிக்கொண்டது. பிறகு நெல்லறையின் பின்பக்கம் ஒரு சுவர் வைத்தது. "தங்கச்சி வீட்டுக்காரர் போகும்போதும் வரும்போதும் நாலு நெல்லு வாயில போட்டுக்கிட்டுப் போறாரு. நான் கேட்டேனா? கேட்கலை. சுவர்தான் வச்சேன்."

அது மினுக்கியின் காதுக்குப் போனது. மினுக்கி அழுதது. பிறகு பயறு அறையின் வாயில் அதுவும் ஒரு சுவர் வைத்தது.

"உன்மேல கோவம் இல்லைம்மா. சின்னண்ணன் எப்பவாவது தன் சுவரை உடைச்சுக்கிட்டு வந்தா? அதுக்குத்தான். உனக்கு ஓட்டை விட்டிருக்கேன் பாரு. வேளாவேளைக்குப் பயறு தர்றேன்."

அந்த ஓட்டை ஒரு முன்னங்கால் நுழையும் அளவு இருந்தது.

அன்று கருமூக்கனுக்கு முன்னறையில் சாப்பாட்டு முறை. சாப்பிட்டுவிட்டு மறைவாசல் வழியாகத் திரும்பி வந்தது. செம்பியிடம் போக வழி இல்லை.

"யாரைக் கேட்டு வச்சே?" என்று மினுக்கியை அதட்டியது.

"என் பங்குலதானேப்பா வச்சேன்? நீங்கதானே கொடுத்தீங்க!"

கருமூக்கன் மற்ற இருவரிடமும் போனது. அவர்களும் அதையேதான் சொன்னார்கள். யாரும் அடுத்தவர் பங்கில் ஓர் அங்குலம் கூட நுழையவில்லை. வாலை எடுத்து அளந்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். என்ன சொல்லித் திட்டுவது என்று கருமூக்கனுக்குத் தெரியவில்லை.

வரப்பின் மேல் ஏறி எல்லைக்கல்லின் ஓரத்தில் காதை வைத்துப் படுத்தது.

"செம்பி, கேட்குதா?"

"கேட்குதுங்க." குரல் ஆழத்திலிருந்து வந்தது. "சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"பயறு கொடுத்தா. நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்க கடிச்சுக்கலையே, அது போதும்."

அதன்பிறகு தினமும் அப்படித்தான் நடந்தது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கருமூக்கன் கல்லின் ஓரத்தில் வந்து படுக்கும். மண்ணுக்குள் இருக்கும் மனைவியோடு பேசும். வளையில் சத்தம் இல்லை, சண்டை இல்லை. இதைத்தானே நான் கேட்டேன் என்று கருமூக்கன் நினைத்துக்கொள்ளும். கேட்டது கிடைத்த பிறகும் ஏன் சோறு இறங்கவில்லை என்று அதற்கு விளங்கவில்லை.

ஒருநாள் வாய்க்காலோரம் இருந்த நண்டு பக்கவாட்டில் நடந்து வந்தது.

"என்னய்யா விவசாயி, இன்னும் இங்கேயே இருக்கே? மதகைத் திறக்கப் போறாங்க. ரெண்டு நாள்ல வயல் முழுக்கத் தண்ணி. கீழ் அறையில இருக்கிறவங்களை மேலே ஏத்து."

கருமூக்கன் கல்லுக்கு ஓடியது.

"செம்பி! தண்ணி வருதாம். நீயே தோண்டிக்கிட்டு வந்துடு!"

"எங்கே தோண்டுறது? மேலே கல்லு. இந்தப் பக்கம் தோண்டினா மண்ணு சின்னவன் நெல்லுல விழும். அந்தப் பக்கம் தோண்டினா மினுக்கி சுவரு இடியும். அப்புறம் மறுபடியும் அதுங்களுக்குள்ள சண்டை வரும். நீங்க பேசிப் பாருங்க. பிள்ளைங்க திறந்து விடும்."

கருமூக்கன் கொழுக்கனிடம் போனது.

"அண்ணன்தான் முதல்ல சுவர் வச்சாரு. முதல்ல வச்சவர் முதல்ல எடுக்கட்டும்!" என்றது கொழுக்கன்.

நெட்டைவாலனிடம் போனது.

"நான் எடுத்தா மட்டும் அம்மா வந்துடுமா? இன்னும் ரெண்டு சுவர் இருக்கே! அம்மாவுக்குப் பக்கத்துல இருக்கிறவ முதல்ல எடுக்கட்டும்."

மினுக்கியிடம் போனது.

"நான் எடுத்த பிறகு அவங்க ரெண்டு பேரும் எடுக்கலைன்னா? ஏமாந்தவ நான் மட்டும்தானே? அதுவும் இல்லாம, அந்த நண்டு எப்பவும் அப்படித்தான் பயமுறுத்தும்ப்பா. போன வருசமும் சொல்லுச்சு."

"போன வருசமும் தண்ணி வந்துச்சும்மா! அப்ப நாம எல்லாரும் உன் அறை வழியாத்தான் ஓடினோம்!"

"அப்ப அது என் அறை இல்லையே" என்றது மினுக்கி.

அன்று முழுவதும் கருமூக்கன் மூன்று வாசலுக்கும் மாறி மாறி ஓடியது. கெஞ்சியது. காலில் விழப்போனது. கடைசியில் மூவரும் வேலியடியில் ஓணான் முன்னால் கூடினார்கள்.

"நாளைக்குக் காலையில வெயில் வந்ததும் மூணு பேரும் ஒரே நேரத்துல சுவரைச் சுரண்டணும். யாரும் முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்" என்று முடிவு செய்தார்கள். ஓணான் தலையை ஆட்டியது.

கருமூக்கன் கல்லுக்கு ஓடிப்போய்ச் சொன்னது. "நாளைக்குக் காலையில, செம்பி! வெயில் வந்ததும்!"

"நான்தான் சொன்னேனே! நம்ம பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க" என்றது செம்பி.

மறுநாள் காலை வெயில் வந்தது.

நெட்டைவாலன் தன் சுவரில் காதை வைத்து நின்றது. கொழுக்கன் சுரண்டும் சத்தம் கேட்கட்டும், நாமும் தொடங்கலாம் என்று காத்திருந்தது. கொழுக்கன் தன் சுவரில் காதை வைத்து மினுக்கி சுரண்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. மினுக்கி தன் சுவரில் காதை வைத்து அண்ணன்களின் சத்தத்துக்காகக் காத்திருந்தது. செம்பி கடைசி அறையில் மூன்று சத்தத்துக்காகவும் காத்திருந்தது.

வெகுநேரம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. மதகை ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிட்டார்கள்.

நெட்டைவாலன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடியது. கொழுக்கன் தன் புது வாசல் வழியாக ஓடியது. மினுக்கி மறைவாசல் வழியாக ஓடியது. ஆளுக்கொரு வாசல் இருந்தது. யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை.

"செம்பி! செம்பி!" கருமூக்கன் கல்லின் ஓரத்தைக் கடித்தது. காய்ந்த களிமண் பாறை மாதிரி இருந்தது. ஒரு பல் உடைந்தது. இன்னொரு பல்லும் உடைந்தது. ஒரு சாண் ஆழம் தோண்டுவதற்குள் குழிக்குள் கலங்கல் தண்ணீர் மேலேறி வந்தது. அதில் இரண்டு நீர்க்குமிழிகள் வந்து உடைந்தன.

சில நாட்கள் கழித்து நடவுக்காகத் தண்ணீரை வடித்தார்கள். கருமூக்கன் முன்வாசல் வழியாக உள்ளே இறங்கியது. சுவர்கள் எல்லாம் கரைந்து போயிருந்தன. நெல் முளைத்து அழுகிக் கிடந்தது. முதலிலிருந்து கடைசிவரை வழி திறந்து கிடந்தது.

கடைசி அறையில் செம்பி சுருண்டு கிடந்தது.

அதன் பக்கத்தில், நெல்லறையைப் பார்த்த பக்கம், உறுதியான மண்ணில் நகக்கீறல்கள் இருந்தன. செம்பி அங்கே தோண்டத் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போயிருந்தது. பிறகு அந்தக் குழியை அதுவே மண் வைத்து அடைத்து, காலால் இறுகத் தட்டிச் சமன் செய்திருந்தது; அதனால் அது மட்டும் கரையவில்லை. சின்னவன் நெல்லில் மண் விழுந்துவிடக் கூடாது.

கருமூக்கன் அந்தத் தட்டிய மண்ணின் மேல் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று பிள்ளைகளும் நின்றிருந்தன. மூன்றும் அழுதன. உண்மையாகவே அழுதன. அழுகை அடங்கியதும் கொழுக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அப்பா... தப்பா நினைக்காதீங்க. இப்பவே பேசிக்கிட்டா பின்னால பிரச்சினை வராது. அம்மா பங்கு இனிமே யாருக்கு?"

கருமூக்கன் எழுந்தது. யாரையும் பார்க்கவில்லை. கடைசி அறையிலிருந்து வெளியே வந்தது. இதுவரை அளக்காத ஓர் இடத்தில் தன் வாலைக் குறுக்கே வைத்து அளந்தது. அது எல்லோரும் நடந்த வழி.

அகலம் ஓர் எலியின் உடம்பளவு. அவ்வளவுதான்.

"இது எவ்வளவு கொஞ்சமா இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வழியாகவே நடந்து வெளியே போனது. பிறகு அது அந்த வளைக்குத் திரும்பவில்லை.

எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் பங்கு போட்டவன், எல்லோரும் நடக்கும் வழியைப் பொதுவில் வைக்க மறந்தால், அவன் யாருக்கும் எதையும் கொடுத்தவன் ஆகமாட்டான்.