மிராசுதார் மறுத்த இலை

மிராசுதார் ரத்தினவேலுக்கு ஒரு பெருமை. ஊரில் யாரும் தொடாததையெல்லாம் அவர் தின்றுவிடுவார். உடும்புக் கறி, ஈசல் வறுவல், வேப்பங்கொழுந்துத் துவையல், எதையும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் சமையற்காரி பூவாயியைக் கூப்பிட்டார்.

“நானே வேண்டாம்னு சொல்ற மாதிரி ஒரு சாப்பாடு சமைச்சுக் காட்டு. மதியத்துக்குள்ள முடியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“சரிங்கய்யா” என்று பூவாயி அடுப்படிக்குப் போனாள்.

மதியம் கூடத்தில் இலை போட்டாள். சோறு, வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய்க் கூட்டு, ஓரத்தில் எள்ளுருண்டை. மிராசுதார் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதையா நான் மறுக்கப் போறேன்?”

உட்காரப் போனவர் அப்போதுதான் பார்த்தார். இலைக்கு எதிரே அவருடைய படமே சாய்த்து வைத்திருந்தது. படத்துக்குச் சந்தன மாலை, முன்னால் குத்துவிளக்கு.

“என்னடி இது?”

“உங்க தெவசச் சாப்பாடுங்கய்யா. அன்னைக்கு உங்களால குறை சொல்ல முடியாதே, இப்பவே ருசி பார்த்துச் சொல்லிடுங்க.” பூவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்! எடு இலையை!” என்று அலறினார் மிராசுதார்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். சோற்றை வீணாக்க மனசில்லாமல் பூவாயி இலையைக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் வைத்தாள். சற்று நேரத்தில் அங்கிருந்து அவள் குரல் கேட்டது.

“ஐயா, காக்காயா வந்துட்டீங்க! பாகற்காயைத்தான் முதல்ல கொத்துறீங்க!”