தக்காளிச் செடி குனிந்தது

சடைச்சி அந்தப் பழத்தில் கைவைத்தபோது, "இதையுமா?" என்று கேட்டது தக்காளிச் செடி.

செடிகள் வாய்திறந்து பேசிய காலம் அது. அவளுக்கு வியப்பு ஒன்றும் இல்லை; அலுப்புதான் இருந்தது. காலையிலிருந்து கம்பு இடித்த தோள் கனத்தது. அந்தக் காலத்தில் தக்காளி ஆமணக்கைப் போல விறைப்பாக நிற்கும். பழங்கள் கண்ணுக்கு நேரே தொங்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் கொல்லையில் அந்த ஒற்றைச் செடி நின்றதால், வீட்டில் எல்லார் கையும் அதன் மேல்தான்.

"அத்தைக்குக் காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடக்கு. இந்தப் பழத்தைப் போட்டு ரசம் கேக்குது," என்றாள் சடைச்சி.

செடிக்குக் கோபப்படத் தெம்பில்லை. வருஷா வருஷம் நல்ல பழமெல்லாம் சட்டிக்குப் போவதையும், யாரும் தின்னாத சொத்தையும் வெம்பலும் விதைக்கு ஒதுங்குவதையும் மெதுவாகச் சொன்னது. ஒருகாலத்தில் ஒரு பழமே கைகொள்ளாமல் இருந்ததாம். போன வருஷத்துப் பழத்தைப் பார்த்து, "தக்காளியா, சுண்டைக்காயாடி இது?" என்று மாமியார் உலகாயி கேட்டதைச் சடைச்சியும் மறக்கவில்லை.

"இந்த ஒண்ணுதான் எங்க பழைய உருவத்துல காய்ச்சிருக்கு. இதுவும் போச்சுன்னா, அப்புறம் எல்லாம் சொத்தையோட பிள்ளைங்கதான் தாயி."

"நான் பறிக்காட்டி அத்தையே எந்திரிச்சு வந்து பறிக்கும். கண்ணுல பட்டுடுச்சே."

"படாம வச்சுக்கிட்டா?"

சடைச்சி பழத்திலிருந்து கையை எடுத்தாள். "எங்கிட்ட கேக்காதே. நான் எதையும் பாக்கலை," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் நார் முறிவதுபோல ஒரு சத்தம். செடி இடுப்பை வளைத்து, பழத்தைத் தரையோடு தரையாக வைத்து, தழையால் மூடிக்கொண்டது. பிறகு நிமிரப் பார்த்தது. முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றுவிட்டு, "இருக்கட்டும்," என்றது.

சடைச்சி விறகுக் குவியலிலிருந்து ஒரு குச்சியை உருவி வந்து செடியருகே ஊன்றினாள். சேலை ஓரத்தில் ஏற்கெனவே கிழிந்திருந்த இடத்தை இன்னும் கொஞ்சம் கிழித்து, தண்டை இறுக்காமல் கட்டிவிட்டாள்.

உள்ளே உலகாயி பழம் எங்கே என்றாள். அணில் கொண்டுபோய்விட்டது என்றாள் சடைச்சி.

"அணிலுக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்லை," என்று கிழவி பாயில் புரண்டு படுத்தாள்.

தக்காளி தன் காலில் நிற்க முடியாமல் போனது அன்றிலிருந்துதான். இன்றும் கொல்லையில் அதற்குக் குச்சி ஊன்றி, பழந்துணிக் கிழிசலால் கட்டிவிடுகிறோம். விதைக்கான பழத்தை அடித்தழையை விலக்கித் தேடுகிறோம்.

அன்றைய ரசத்துக்குச் சடைச்சி ஒரு சுளை புளியைக் கூடுதலாகக் கரைத்தாள். தட்டை எடுத்துப்போகும் முன், தக்காளித் தழை வாசம் அடித்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.