வேர்வை நின்ற பிறகு

"டீச்சர், எனக்கு வெயில் பழகிட்டு," என்றார் பரமதுரை. "இப்பல்லாம் எவ்வளவு ஓடினாலும் வேர்க்கதே இல்ல."

பெருமையாகத்தான் சொன்னார்.

பிலோமினா டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவருடைய பிடரியில் கை வைத்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. சட்டையின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். ஓடிவிட்டு வருகிறவர்களுக்கு வேர்வை காய்ந்து அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பரமதுரையின் சட்டை இப்போதுதான் கடையில் பிரித்ததுபோல் இருந்தது.

"யாரைப் பாத்தீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

 பரமதுரை யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

*

பரமதுரைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தூத்துக்குடிக்கு வெளியே உப்பளச் சாலையில் எடைமேடை வைத்திருந்தார். உப்பு ஏற்றின லாரிகள் அதில் ஏறி நின்று எடை போட்டுவிட்டுத்தான் ஊருக்குள் போகும். ஊர்ப் பாரத்தையெல்லாம் நிறுத்துப் பார்த்த மனிதர், தன் பாரத்தை மட்டும் கவனிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்துவிட்டார்.

அந்த வீட்டில் ஓடியது அவர் மனைவி ஜெயக்கனி. நாற்பதுக்கு மேல் அவளுக்கு அந்த ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்த பிலோமினா, விடியற்காலையில் பெரியவர்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்து வந்தார். அங்கே போய்ச் சேர்ந்தாள். ஆவணியில் நடக்கிற மாரத்தானுக்குப் பேரும் கொடுத்தாள்.

மாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் பரமதுரை டீச்சர் முன்னால் வந்து நின்றார். "அவ ஓடாம வச்சிட்டுப் போனத நான் ஓடணும்," என்றார்.

டீச்சர் அவரைவிடப் பல வயது இளையவர். அவரை மேலும் கீழும் பார்த்தார். "விடியுமுன்ன வாங்க அண்ணாச்சி. வெயில் ஏறுமுன்ன வீட்டுக்குப் போயிரணும். இங்க அது ஒண்ணுதான் சட்டம்."

சட்டப்படிதான் ஓடினார். கால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. தொடை உரசிப் புண்ணாகி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு எடைமேடையில் காலை அகட்டி உட்கார்ந்தார். காலையில் பழைய சோற்றை மோரில் கரைத்துக் குடித்தார். நுங்கு வண்டியைக் கண்டால் அதன் பக்கத்திலேயே குடியிருந்தார். லாரி டிரைவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"அண்ணாச்சி, யாரு தொரத்துதா?"

"எமன்தாம்ல. எருமை மாட்டுலதான வாரான், தப்பிச்சிருவேன்."

சித்திரையில் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டார். அன்றைக்குத் தாமதமாகப் போய் உச்சி வெயிலில் உப்பள வரப்பில் தனியாக ஓடினார். மறுநாளும் உச்சியில்தான் போனார். அதற்கப்புறம் விடியற்காலையில் அவரை யாரும் பார்க்கவில்லை.

*

"ஜெயாவத்தான் பாத்தேன்," என்றார் கடைசியில். "உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

"வேர்வை நின்னவங்க யாரையாவது பாப்பாங்க."

"பேயா?"

"தெரியாது."

பரமதுரை தன் காய்ந்த பிடரியைத் தடவிப் பார்த்தார்.

"எப்ப வாராங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"உப்பு வாருதவங்க எல்லாம் கெளம்பிப் போன பொறவு. மொதல்ல தலை கனக்கும். கொஞ்ச நேரத்துல ஒடம்பு சில்லுன்னு ஆயிரும், மார்கழி மாசம் மாதிரி. கையில மயிரெல்லாம் குத்திட்டு நிக்கும். நிமிந்து பாத்தா முன்னால ஓடிக்கிட்டிருப்பா."

"மொகம்?"

"காட்டல. முதுகுதான்."

"பேசுதாங்களா?"

பரமதுரையின் முகம் மலர்ந்தது. "'வாங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்'னு சொல்லுவா."

"எதுவரைக்கும் போனீங்க?"

"மொத நாளு பம்பு செட்டு வரைக்கும். பொறவு கடைசி உப்புப் பாத்தி வரைக்கும். நேத்து அதையும் தாண்டி."

டீச்சர் அவருடைய காலணிகளைப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் கறுப்புச் சேறு காய்ந்திருந்தது. கடைசிப் பாத்திக்கு அப்பால் பாதையே கிடையாது. அங்கே கடல் ஏறி இறங்குகிற சேறுதான். அதில் இறங்கின மாட்டைக்கூட மீட்க முடியாது என்பார்கள்.

"இனிமே போகாதீங்க அண்ணாச்சி."

"போவேன்."

"வெயில் பழகின ஒடம்புக்கு வேர்வை கூடத்தான் செய்யும். நிக்காது. வேர்வை நின்னா அடுத்தது மூச்சு."

"நிக்கட்டும்."

சொன்ன வேகத்தில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. "வீட்டுல படத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கோம். அது அவ இல்ல டீச்சர். அவ அங்கதான் இருக்கா. நான் போகலைன்னா அந்த வெயில்ல தனியா நிப்பா."



"மாரத்தான்ல கொடி புடிச்சிக்கிட்டு ஒருத்தர் முன்னால ஓடுவாருல்லா. அவரு வேலை என்ன?"

"பின்னால வாரவங்கள எல்லைக்கோட்டுல கொண்டு சேக்கது."

"ஜெயாக்கா உங்கள எந்தக் கோட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க?"

பரமதுரை தன் காலணியைப் பார்த்தார். அதற்குப் பதில் அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் போய்க்கொண்டிருந்தார்.

"நீங்க யாரப் பாத்தீங்க டீச்சர்?"

"செத்துப்போன எங்க அம்மைய."

"என்ன செஞ்சீங்க?"

"கூடவே போனேன்."

"பொறவு?"

"உப்பு வாருத பொம்பளைங்க ரெண்டு பேரு சேத்துல இருந்து கையப் புடிச்சு இழுத்து வெளிய போட்டாங்க. ஆசுபத்திரியிலதான் கண்ணு முழிச்சேன்."

அதற்குப் பிறகு பிலோமினா டீச்சர் ஓடவில்லை, சொல்லிக்கொடுக்க மட்டும் செய்தார். முட்டி வலி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

"வந்தது உங்க அம்மைதானா?"

"கேக்க மறந்துட்டேன்."

"எப்படிக் கேக்கணும்?"

டீச்சர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போகிற எண்ணம் இல்லாதவர் மாதிரி.

"இப்படி."

"இவ்வளவுதானா?"

"அவங்க முன்னால போகும்போது நீங்க உக்காந்திருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"உக்காந்தா என்ன ஆகும்?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. உங்க பொண்டாட்டிய உங்களுக்குத்தான தெரியும்."

*

மறுநாள் உச்சியில் டீச்சர் தன் ஸ்கூட்டரைப் பம்பு செட்டின் நிழலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வண்டியில் ஒரு தண்ணீர்க் கேனும் நனைத்த துண்டுகளும் இருந்தன.

பரமதுரை அவரைக் கடந்து ஓடினார். தலையை மட்டும் ஆட்டினார்.

உப்பளத்தில் ஆள் இல்லை. பாத்திகளில் தண்ணீர் கண்ணைக் குத்தியது. வரப்பெங்கும் உப்புக் குவியல்கள். அவற்றின் மேல் மூடியிருந்த ஓலைகூட அசையவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் காக்காய்கூட இல்லை. தூரத்தில் கானல் தண்ணீர்போல் தளும்பிக்கொண்டிருந்தது.

தலை கனத்தது.

கொஞ்ச நேரத்தில் உடம்பு சில்லிட்டது. கையில் மயிர் குத்திட்டு நின்றது.

பரமதுரை நிமிர்ந்து பார்த்தார். ஜெயக்கனி முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அதே பின்னல், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த அதே ஓட்டம். அவருடைய காலுக்குக் கீழே உப்புப் பொருக்கு நொறுங்கிக்கொண்டே வந்தது. அவளுடைய காலுக்குக் கீழே நொறுங்கவில்லை. இதை அவர் முதல் நாளிலேயே கவனித்துவிட்டார். கவனித்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை.

"வாங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்."

கடைசிப் பாத்தி வந்தது. அதற்கு அப்பால் சேறு கறுப்பாகப் பளபளத்தது.

உட்கார மனம் வரவில்லை. உட்கார்ந்தால் அவள் போய்விடுவாளோ என்று ஒரு பயம். போகாமல் அங்கேயே நின்றுவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"ஆண்டவா," என்று சொல்லிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்.

கொதிக்கிற மண். அது அவருக்குக் குளிர்ந்தது.

ஜெயக்கனி போகவில்லை. திரும்பவும் இல்லை. சேற்றின் மேல் அவள் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தூரம் மட்டும் கூடவில்லை.

"வாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"முடியல ஜெயா. உக்காந்துட்டேன்."

"வாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"தண்ணி தவிக்கு."

"வாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"தலை சுத்துது ஜெயா. நான் விழுந்திருவேன்."

குரலில் பதற்றம் இல்லை, கோபம் இல்லை, அலுப்பும் இல்லை. பிள்ளையைத் தூங்கவைக்கிறவளைப்போல அவ்வளவு இதமாகக் கூப்பிட்டது.

"வாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

பரமதுரை காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறோம் என்று முதலில் அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபோது, இன்னொரு தடவை, வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார்.

"ஏட்டி, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. வெறும் வயித்தோட வந்துட்டேன்."

கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"வாங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அவர் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

*

டீச்சர் வந்து சேர்ந்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தார். டீச்சர் பேசாமல் தலையில் தண்ணீரை ஊற்றினார். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றினார். அக்குளில் ஒன்று வைத்தார். உடம்பு உதறியது. உதறல் நின்றதும் வெயில் அடுப்பைத் திறந்த மாதிரி அவர் மேல் விழுந்தது. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை அரும்பியது.

டீச்சர் தற்செயலாகச் சேற்றுப் பக்கம் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கும் தெரியுதா டீச்சர்?"

"தண்ணியக் குடிங்க."

குடித்தார். டீச்சர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"வாங்கன்னு சொல்லிச்சு."

சொல்லிச்சு என்று அவர் சொன்னதை டீச்சர் கேட்டுக்கொண்டார்.

"வேற?"

பரமதுரை துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"திருச்செந்தூருக்கு நடந்து போனோம் டீச்சர், கல்யாணம் ஆன புதுசுல. கால் வலிக்குன்னு நான் ரோட்டோரமா உக்காந்துட்டேன். அவ எங்கியோ முன்னால போயிட்டா. நான் இல்லைன்னு தெரிஞ்சதும் அம்புட்டு தூரம் திரும்பி வந்தா. வரும்போதே வைய ஆரம்பிச்சிட்டா. 'அறிவு கெட்ட மனுசா, வெறும் வயித்தோட நடக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்'னு. ஊரு சனமே நின்னு பாக்குது. எங்க அப்பன் ஆத்தாளயும் விடல. வஞ்சிக்கிட்டேதான் கால அமுக்கிவிட்டா. வஞ்சிக்கிட்டேதான் வடைய ஊட்டிவிட்டா. அன்னைக்கு இருந்து அவ சாவுத நாளு வரைக்கும், நான் சும்மா சோந்து உக்காந்தாப் போதும்..."

அவர் சேற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் டீச்சர். தண்ணி தவிக்குன்னேன். சாப்பிடலன்னேன். விழுந்திருவேன்னேன்."

"ம்."

"ஒரு வார்த்தை வையலையே."