இரண்டு மேசையில் ஓர் இலை

ஓசூரில் ஒரு மருந்துக் கிடங்கு. அங்கே கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்ந்தது. பில் போடும் ஒப்பந்த ஊழியர்கள்தான் சோம்பேறிகள் என்றார் மேலாளர் மார்த்தாண்டம். ஆனால் பதிவுகளைச் சேமிக்கும் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து அமைத்தவர் அவரே. டிஸ்க் எதையும் கட்டம் கட்டமாகத்தான் எழுதும். அவரோ பகுதியின் தொடக்கத்தை ஒரு கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டார். அதனால் ஒரே கட்டத்தில் அடங்கவேண்டிய பதிவு இரண்டு கட்டங்களில் கால் பரப்பியது. ஒவ்வொரு முறையும் இரண்டையும் முழுதாகத் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

பில் போடும் பூவராகன் அதைச் சொல்ல வாயெடுத்தான்.

"என் டிஸ்க்கைக் குறை சொன்னா அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணும். வேற காரணம் இருந்தா முதலாளிகிட்டச் சொல்லுடா!"

மதியம் முதலாளி சாப்பிட வந்தார். பூவராகன் பரிமாறினான். மேலாளரின் இலையை இரண்டு மேசைகள் சேரும் இடத்தில் விரித்தான். சோற்றுக்கு முன் இரண்டு மேசைகளையும் துடைத்தான். குழம்புக்கு முன் மறுபடி துடைத்தான். முதலாளி மோருக்கு வந்துவிட்டார், மேலாளருக்கு ரசமே வரவில்லை.

"என்னடா கூத்து இது?" என்று சீறினார் மேலாளர்.

"இலை பட்ட மேசையைத் துடைக்காமப் பரிமாறலாமா சார்?"

"அறிவு கெட்டவனே, இலையை ஒரே மேசைக்கு நகர்த்துடா!"

"சாரே சொல்லிட்டாரு முதலாளி. நம்ம டிஸ்க்குக்கும் இதே வியாதி, இதே வைத்தியம்தான்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். மேலாளர் தலை கவிழ்ந்தது. டிஸ்க்கைச் சரிசெய்தார்கள், வேலை பறந்தது.

முதலாளி பூவராகனைத் தட்டிக்கொடுத்தார். "கெட்டிக்காரன்டா நீ! இந்த வேகத்துக்குப் பாதிப் பேரே போதுமே."

யாரை நிறுத்துவது என்பதை மார்த்தாண்டத்திடம் விட்டார்.

முதல் ஆளாகப் பூவராகனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும், கூட வேலையிழந்த செண்பகவல்லி கேட்டாள்: "மெதுவா ஓடினவரைக்கும் சோறாவது இருந்துச்சே, அண்ணே?"