கரிச்சான் மூட்டிய அடுப்பு

மனுசர் பேச்சு குருவிக்கும், குருவி பேச்சு மனுசருக்கும் புரிந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது கரிச்சான் கறுப்பு கிடையாது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மாங்கொழுந்து நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்த குருவி அது. வாலும் இப்போது மாதிரி நடுவில் பிளந்து கிடக்காது, விசிறிபோல் நிறைந்திருக்கும். அதற்கு வேறு பேர்கூட இருந்தது. அந்தப் பேர் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை என்பதால், நானும் கரிச்சான் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

கண்மாய்க்கரையில் அதிக உயரமில்லாத ஓர் ஒற்றைப் பனை. அதில்தான் இந்தக் கரிச்சான் குடியிருந்தது. அதே பனையில், காய்ந்து தொங்கும் காவோலைகளுக்கு நடுவே, ஒரு மணிப்புறாவும் கூடு கட்டியிருந்தது. பாவம், அதன் துணையை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது கூட்டில் இருந்த இரண்டு குஞ்சுகள்தான். இறக்கை முளைக்காத பொடிசுகள். அந்த இரண்டையும் ஆளாக்கிவிட்டால் போதும் என்றுதான் புறா மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கோடை வந்து கண்மாய் வற்றியதும், அங்காயி என்கிற ஆட்டுக்காரி ஆடுகளைக் கிடை போட வந்தாள். பொழுது சாய்ந்தால், குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் கெண்டை பிடித்து வருவாள். வெட்டவெளியில் மூன்று கல்லை வைத்து, நெருப்பு மூட்டி, மேலே குச்சிகளைப் பரப்பி, மீனைச் சுடுவாள். ஆட்டு முதுகில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்த கரிச்சானுக்கு அந்த வாசனை மூக்கைத் துளைத்தது. ஒருநாள் அவள் ஒரு துண்டைப் பிட்டு எறிந்தாள். சாப்பிட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெட்டுக்கிளி வாயில் வைக்க விளங்கவில்லை.

“மதினி, இதை எனக்கும் சொல்லிக் குடுங்க” என்று போய் நின்றது.

“ஏன், ஒன்னயப் பொண்ணு பாக்க வர்றாகளா? சமைக்கத் தெரியுமான்னு கேப்பாகளோ?” என்று சிரித்தாள் அங்காயி. ஆனாலும் ஒரு கொள்ளியைக் கொடுத்தாள்.

சும்மா பார்க்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். கரிச்சான் சுள்ளியைக் குவித்து, கொள்ளியைச் செருகியது. தீ எழும்பியதுதான் தாமதம், மீனை எடுத்து மேலே போட்டுவிட்டது. வெளியே கரி, உள்ளே பச்சை. பிட்டால் ரத்தம் வருகிறது. காக்கையைக் கூப்பிட்டுக் கொடுத்தது. காக்கை மோந்து பார்த்துவிட்டு, “எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு, அதக் கெடுக்காத” என்று பறந்துவிட்டது. காக்கையே வேண்டாம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

“கொழுந்து விட்டு எரியிறப்ப வைக்கலாமா, கிறுக்குப் பயலே?” என்றாள் அங்காயி. “எரிஞ்சு அடங்கட்டும். மேல வெள்ளையா சாம்பல் பூத்து, உள்ள செவசெவன்னு கங்கு கெடக்கும் பாரு, அப்ப வை. தீ வேக வைக்காது, கங்குதான் வேக வைக்கும்.”

அடுத்த தடவை கங்குக்குக் காத்திருந்தது. ஆனால் மேலே பரப்பியது காய்ந்த குச்சி. குச்சி பற்றி, ஒடிந்து, மீன் சாம்பலில் விழுந்தது. அதற்கும் ஒரு ஏச்சு வாங்கியது. பிறகு பச்சை ஆவாரங்குச்சி ஒடித்து வந்தது. அப்போதும் பொறுமை இல்லாமல் மீனைப் புரட்டிப் புரட்டிப் பிய்த்துவிட்டது. “அது பாட்டுக்குக் கெடக்கட்டும், வெந்தா அதுவா குச்சிய விட்டுக் குடுக்கும், அப்பப் புரட்டு” என்றாள் அவள். கரிச்சானுக்குக் கண்ணெல்லாம் புகை ஏறிச் சிவந்துபோயிற்று. இன்றைக்கும் அதன் கண் சிவப்புதான்.

இவ்வளவும் சொன்னவள் இன்னொன்றையும் சொன்னாள். “அடுப்புக்கு மேல வானம் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது. ஒரு எலைகூட.” கரிச்சான் சரி என்றது. அதன்படி நடக்கவும் செய்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மீனிலிருந்து நெய் சொட்டினால் கங்கு குபீரென்று எழும்பும். அப்போது இறக்கையை அடிக்காதே என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தோன்றும்? மனுசி பயந்தால் பின்னால் நகர்வாள். பறவை பயந்தால் இறக்கையைத்தான் அடிக்கும்.

ஒருவழியாக ஒருநாள் மீன் பதமாக வெந்தது. தோல் முறுகி, உள்ளே வெள்ளை வெளேரென்று உதிர்ந்தது. அங்காயி ஒரு வாய் தின்றுவிட்டு, “அட, பரவால்லியே!” என்றாள். போச்சு! கரிச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. கண்மாயில் இருந்த பறவைகளுக்கெல்லாம் விருந்து என்று சொல்லிவிட்டது. மீன்கொத்தி மீன் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டது. மைனாவும் கொக்கும் வருவதாகச் சொல்லின. புறா தயங்கியது.

“எனக்கு மீன் ஆகாதேப்பா.”

“ஒங்களுக்குப் பால்சோளக் கதிர் வாட்டித் தர்றேங்கா. அதுவும் எனக்கு வரும்” என்றது கரிச்சான். ஆசையாகத்தான் சொன்னது.

விருந்து நாளன்று மீன் வந்து இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் புறா அருகில் வந்தது.

“தம்பி, பக்கத்துல ஒரு மணி தானியம் இல்ல. மேற்க சோளக்காட்டுக்குத்தான் போகணும். போக வர நேரமாகும். இந்தக் காக்கா வேற கூட்டையே சுத்திச் சுத்தி வருது. நான் வர்ற வரைக்கும் பாத்துக்கிறியா? ஒனக்குத்தான் வேல கெடக்கே, முடியாட்டி சொல்லிரு. நான் போகல.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். விருந்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்திருந்தால் மைனா கோபித்துக்கொண்டா போகும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் ஒரு நல்ல நாளில், எல்லோரும் நம்மைத் தேடி வருகிற நாளில், யாருக்குத்தான் முடியாது என்று சொல்ல வாய் வரும்?

“போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிறேன்” என்றது கரிச்சான்.

புறா போயிற்று. வழக்கமாக அடுப்பு வைக்கிற வெட்டவெளியில் நின்று பார்த்தால், கரைமேடு மறைத்துக்கொண்டு கூடு தெரியவில்லை. கரிச்சான் இங்கும் அங்கும் பறந்து பார்த்தது. கூட்டுக்கு வந்தால் மீனைக் காக்கை தூக்கும், மீனுக்குப் போனால் குஞ்சைக் காக்கை தூக்கும். கடைசியில் அதற்கு ஒரு யோசனை வந்தது. அடுப்பையே பனையடிக்கு மாற்றிவிட்டால் என்ன? மீனும் வேகும், குஞ்சும் கண்ணிலேயே இருக்கும். அங்காயி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. கங்காகக் கொண்டுவந்து பரப்பினால் தீ எப்படி எழும்பும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. கங்குகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டுவந்து பனையடியில் பரப்பியது. அங்காயி கண்மாயின் அந்தக் கோடியில் ஆடுகளோடு நின்றாள்.

அன்றைக்கு வந்த மீன் நல்ல கொழுத்த மீன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சாம்பல் பூத்த கங்கு, பச்சைக் குச்சி, அவசரப்பட்டுப் புரட்டவும் இல்லை. நடுநடுவே மேலே பார்த்து, “என்னங்கடா, பசிக்குதா? அம்மா இப்ப வந்துரும்” என்று குஞ்சுகளுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது.

நெய் சொட்டியது. கங்கு குபீரென்று எழும்பியது. கரிச்சான் பதறி இறக்கையை அடித்தது. அடிக்க அடிக்கத் தீ எழும்பியது. தீ எழும்ப எழும்ப இன்னும் வேகமாக அடித்தது. நின்றிருந்தால் அடங்கியிருக்கும்! ஒரு நாக்கு மேலே எட்டி, தாழத் தொங்கிய காவோலையின் நுனியைத் தொட்டது. காவோலை பற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் மூடித் திறப்பதற்குள் பனையின் கழுத்து வரைக்கும் தீ.

கரிச்சான் அதற்குள் பாய்ந்தது. அதை மறைக்கக் கூடாது, உள்ளேதான் பாய்ந்தது. ஒரு குஞ்சைக் காலால் பற்றப் பார்த்தது. பூச்சி பிடிக்கிற கால் அது, குஞ்சைத் தூக்கவில்லை. அலகால் இழுத்துப் பார்த்தது. வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் பாய்ந்தது. அது இறக்கை அடித்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்ட அங்காயி அலறிக்கொண்டு ஓடிவந்து, கம்பளியை நனைத்து அடித்து, மண்ணை அள்ளி வீசித் தீயை அணைத்தபோது கூடு இருந்த இடம் வெறும் சாம்பல்.

கீழே கிடந்த கரிச்சானை அவள் கையில் எடுத்தாள். உடம்பெல்லாம் கரி. வாலின் நடு இறகுகள் தீய்ந்துபோய், இரண்டு ஓரமும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“ஏண்டா அங்க வச்ச? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” என்றாள். “இறக்கைய அடிக்காதன்னு ஒரு வார்த்தை நான் சொல்லாமப் போனேனே, பாவி.”

அப்போதுதான் புறா வந்தது. தொண்டை நிறையச் சோளப்பால். பனையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வேறு மரத்துக்கு வந்துவிட்டோமோ என்று கண்மாயையே ஒருமுறை சுற்றிவிட்டு வந்தது. பிறகு தரையில் இறங்கி, கரிச்சானைப் பார்த்தது.

“பாத்துக்கிறேன்னுதானே சொன்ன?”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தேங்கா” என்றது கரிச்சான். “பாத்துக்கிட்டே இருக்கணும்னுதான் அடுப்ப இங்க மாத்துனேன்.”

புறா ஏசவில்லை. ஏசியிருந்தால் கரிச்சானுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தொண்டையில் இருந்ததை மண்ணில் கக்கிவிட்டுப் பறந்துபோயிற்று. விருந்துக்கு வந்த பறவைகளும் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

கரிச்சான் அந்த மொட்டைப் பனையை விட்டுப் போகவில்லை. கரி போகும் என்று அங்காயி குட்டைத் தண்ணீரில் எத்தனையோ தடவை கழுவிவிட்டாள். கறுப்பு இன்னும் மினுமினுத்ததே தவிரப் போகவில்லை. அதற்கு அடுப்புப் பக்கம் போகவே மனம் வரவில்லை. மறுபடியும் வெட்டுக்கிளிதான் சாப்பாடு. தூக்கம்தான் அறவே வரவில்லை.

மழை பெய்தது, கண்மாய் நிறைந்தது, பனை மறுபடி குருத்து விட்டது. அடுத்த பருவத்தில் ஒரு விடிகாலையில் கரிச்சான் பார்க்கிறது, அலகில் ஒரு சுள்ளியோடு அதே புறா வந்து உட்கார்ந்திருக்கிறது. கூட வேறொரு துணை.

“இங்கயா கட்டப் போறீக?” என்று கேட்டது கரிச்சான். “என்னை மன்னிச்சிட்டீகளாக்கா?”

“இல்ல” என்றது புறா.

“பெறகு ஏன் இங்க வந்தீக?”

புறா சுள்ளியை மட்டையிடுக்கில் வைத்துச் சரிபார்த்தது. பிறகு சொன்னது: “எத்தனையோ மரத்துக்குப் போய்ப் பாத்தேன். எல்லா மரத்துலயும் யோக்கியமான பறவைகதான் இருக்கு. பொழுது சாஞ்சா நிம்மதியாத் தூங்குதுக. நீ தூங்க மாட்ட.”

கரிச்சான் எழுந்து உச்சிமட்டைக்குப் போய், நாலா பக்கமும் தெரிகிறமாதிரி உட்கார்ந்துகொண்டது.

இன்றைக்கும் காட்டில் எங்கே தீ வைத்தாலும் கரிச்சான்தான் முதலில் வந்து சுற்றும். வெட்டுக்கிளி பொறுக்க வருகிறது என்று சொல்கிறோம். அது தின்பது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் புறா சுள்ளி வைத்த நாளுக்குப் பிறகுதான், கரிச்சான் இருக்கிற மரமாகப் பார்த்துப் புறாவும் மைனாவும் கூடு கட்டுகின்றன. காக்கை வந்தாலும் பருந்து வந்தாலும் இந்தச் சின்ன உடம்பு ஏறி அடித்து விரட்டுகிறது. மற்ற பறவைகள் கண் விழிக்கும் முன்னாலேயே, இருட்டிலேயே, எல்லாம் பத்திரமா பத்திரமா என்று குரல் கொடுத்துக் கேட்கிறது, தான் பெறாத குஞ்சுகளை.