புகை வராத ஞாயிறு

ஒரு மாணவர் தன் ஆசிரியருக்குப் போன் செய்தார். மாணவருக்கு வயது நாற்பத்தெட்டு. ஆசிரியருக்கு முப்பத்தொன்று.

"கோச், காரு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுங்க."

"எந்தக் காருங்ணா?"

"புதுசு. அதாவது, பழசு. நீங்க வாங்க, சொல்றேன்."

மாணவர் பெயர் சென்னியப்பன். கோயம்புத்தூரில் பம்ப்செட் மோட்டார் செய்கிற பட்டறை வைத்திருந்தார். ஆசிரியர் ரெஜினா. ஊருக்கு வெளியே ரேஸ் டிராக்கில் வேகமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் மட்டும் வீட்டுக்கும் டிராக்குக்கும் ஸ்கூட்டரில் போய் வருவார். ஏன் என்று கேட்டால், "மழை வந்தா நனையலாம்ல" என்பார். அதற்கு மேல் கேட்க முடியாது.

காலை ஆறரைக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது.

போர்ட்டிகோவில் இரண்டு கார்கள். ஒன்று சென்னியப்பனின் சிவப்புக் கார். இரண்டே சீட். தரையைத் தொடுகிற உயரம். அதை ஸ்டார்ட் செய்தால் தெருவில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நிற்கும். பொய் சொல்ல வேண்டாம், அழகான கார்.

பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. ஏழு வருடம் ஓடிய ஹைப்ரிட். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. வலது கதவில் நீளமாக ஒரு கீறல். பார்த்தால் பேங்க் மேனேஜர் ரிட்டையர் ஆகி நிற்பது போல இருந்தது.

"புரோக்கர் நேத்து விட்டுட்டுப் போனானுங்க. செவப்பை எடுத்துக்கிட்டு இதையும் மீதிப் பணத்தையும் குடுக்கறானாம். மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். ஓட்டிப் பாக்கலாம்னு உக்காந்தா, செத்துக் கிடக்குது. பத்துத் தடவை அமுக்கிட்டேன்."

"பதினொண்ணாவது அமுக்குங்க, பாப்போம்."

சென்னியப்பன் உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தார். பட்டனை அமுக்கினார். காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா? பொணம்."

"எந்திரிங்ணா."

ரெஜினா உட்கார்ந்தார். ஒரே ஒரு தடவை அமுக்கினார். சத்தமே இல்லை. சென்னியப்பன் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார்.

கார் நகர்ந்தது.

அவர் துள்ளி ஒதுங்கினார். அவ்வளவு பெரிய வண்டி, ஒரு முனகல்கூட இல்லாமல், பின்னாலேயே போய் கேட்டைத் தாண்டித் தெருவில் நின்றது. கேட்டருகே படுத்திருந்த நாய் தலையைத் தூக்கவில்லை. சென்னியப்பன் தன் கையைப் பார்த்தார். ரோமம் நட்டுக்கொண்டு நின்றது.

"உசுரோடதான் இருந்துச்சுங்ணா" என்றார் ரெஜினா ஜன்னல் வழியாக. "ஒரு தடவை அமுக்கறப்ப எந்திரிச்சுச்சு. சத்தம் வரலைன்னு நீங்க மறுபடி அமுக்கிப் படுக்க வெச்சுட்டீங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கோச், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பட்டறையில ஆர்டர் விழுந்து போச்சுங்க. ஒண்ணு இந்தக் காரு போகணும். இல்லைன்னா மூணு பேரு போகணும். மோட்டாருக்குக் கம்பி சுத்தி வைண்டிங் போடற ஈஸ்வரி அதுல ஒருத்தி. பத்து வருசமா இருக்குது அந்தப் புள்ளை. நாளைக்குக் காலையில சொல்லியாகணும்."

"இதுல கேக்கறதுக்கு என்னங்ணா இருக்குது?"

"இருக்குதுங்க." காரின் மேல் இல்லாத தூசியை விரலால் தள்ளினார். "இந்த ஊர்ல சென்னியப்பன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. செவப்புக் கார்க்காரர்னா டிராபிக் போலீஸுக்கே தெரியும். இதைக் குடுத்துட்டு, அந்தக் கீறல் வண்டியில போய் எறங்கினா, நான் யாருங்க?"

உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் யோசனை கேட்கவில்லை. "விக்காதீங்கண்ணா" என்று கோச் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். வந்துவிட்டால் மூன்று பேரைப் பற்றி ராத்திரி தூங்கி எழுந்து மறந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

ரெஜினா போர்ட்டிகோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் ஐந்து பிரேக் டிஸ்க்குகள் தொங்கின. சக்கரத்துக்குள் சுற்றும் வட்ட இரும்பு. பிரேக் கட்டைகள் அதைத்தான் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். ஐந்துமே தேய்ந்து கழற்றியவை. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் வருஷம் எழுதியிருந்தது.

அது ஒரு தனிக்கதை. ஞாயிறு காலையில் ஐந்தாறு கார்க்காரர்கள் சேர்ந்து கோத்தகிரி மலை ஏறுவார்கள். வேகமாக இறங்குவார்கள். அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அங்கே வரிசையாக நிறுத்திவிட்டு எல்லோரும் குனிந்து சக்கரங்களைப் பார்ப்பார்கள். யார் சக்கரத்தில் புகை அதிகமோ அவருக்கு அன்றைய டீ மற்றவர்கள் செலவு. வளைவு வரைக்கும் பறந்து வந்து கடைசி நொடியில் பிரேக்கை அழுத்துகிறவனுக்குத்தான் புகை அதிகம் வரும். ஆறு வருஷத்தில் சென்னியப்பன் டீக்குக் காசு கொடுத்தது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். டிஸ்க் தேய்ந்தால் கழற்றிக் கோப்பை மாதிரி மாட்டிவிடுவார்.

"அதுல ஒண்ணை எடுத்துட்டு வந்து ஏறுங்ணா" என்றார் ரெஜினா.

"எதுக்குங்க?"

"மடியில வெச்சுக்கத்தானுங்ணா."

எட்டுக் கிலோ இரும்பு. மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஆரம்பித்தது. ஏற்றத்தில் எஞ்சின் எழுந்து வேலை செய்தது. சாதாரணச் சத்தம். சென்னியப்பனுக்கு அந்தச் சாலையில் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். ஒவ்வொன்றிலும் அவர் கால் தானாகக் கீழே அழுத்தியது. அங்கே பெடல் இல்லை.

"கோச், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக்கூட இதை விட வேகமாப் போவாங்க."

"பொண்ணு வீட்டுக்கு நேரத்துக்குப் போயிரலாங்ணா. இருங்க."

கோத்தகிரி வந்தது. டீகூட வாங்கித் தராமல் ரெஜினா வண்டியைத் திருப்பினார். திருப்பும்போது நடுவிலிருந்த திரையைத் தொட்டுக் காட்டினார். பேட்டரி படம். எட்டுக் கோடுகளில் இரண்டுதான் மிச்சம்.

"ஏறினதுல தீந்துருச்சுங்களா?"

"ஆமாங்ணா."

"கீழ போய் எங்காவது சார்ஜ் போடணுமா? வயரு எங்க?"

"இந்த வண்டிக்கு வயரே கிடையாது."

இறக்கம் வந்ததும் எஞ்சின் நின்றுவிட்டது. ரெஜினா ஜன்னல்களை முழுக்க இறக்கினார். முதல் வளைவுக்கு இன்னும் நூறடி இருக்கும்போதே பிரேக்கில் காலை வைத்தார். மிதிக்கவில்லை, வைத்தார்.

"இவ்வளவு முன்னாடியேவா? கடைசி நொடியில பிடிக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"அது ரேஸ்ல. இங்க யாரு கூடங்ணா ரேஸு?"

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டார்.

மூடிய பிறகுதான் கேட்டது. முதலில் தண்ணீர். இடது பக்கம், பாறைக்குப் பின்னால் எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் இன்னொரு தண்ணீர், மெல்லியது. ஆறு வருஷம், வாராவாரம் வந்த சாலை. அதில் ஓடைகள் இருக்கின்றன என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். மரத்தில் ஏதோ பிராணி காயைக் கடித்துத் துப்புவதுகூடக் கேட்டது. சக்கரத்துக்கு அடியில் காய்ந்த இலை நொறுங்குவது கேட்டது.

"கோச்..."

"ஷ்ஷ்."

வளைவு திரும்பியதும் ஒரு காட்டு மாடு நின்றது. சாலைக்கு நடுவில். ஆள் உயரம். முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. ரெஜினா காரை அப்படியே வழுக்கவிட்டுப் பதினைந்தடி தள்ளி நிறுத்தினார். கார் வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை.

சென்னியப்பன் இதற்கு முன் காட்டு மாடுகளைப் பார்த்திருக்கிறார். பார்த்ததெல்லாம் புதருக்குள் ஓடுகிற பின்பக்கம். இது ஓடவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அது மூச்சு விடுவது கேட்டது. ஒரு பெரிய துருத்தி மெதுவாக ஊதுவது போல. அதன் கண்ணில் சாம்பல் கார் குட்டியாகத் தெரிவது போலக்கூட அவருக்கு இருந்தது. மடியில் இருந்த இரும்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பயத்தில் இல்லை. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாடு தன் இஷ்டத்துக்கு நடந்து சரிவில் இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு சென்னியப்பன் கேலி செய்யவில்லை. திரையைப் பார்த்தார். மூன்று கோடு. அவர் கண்ணைக் கசக்கினார். இரண்டு வளைவு கழித்து நாலு. ரெஜினா கால் பிரேக்கில் படும்போதெல்லாம் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு பச்சை அம்புக்குறி ஓடியது. ஐந்து. எஞ்சின் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை. யாரும் வயர் சொருகவில்லை. ஆறு. மலை இறங்க இறங்கக் கோடுகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒரு பானையில் கண்ணுக்குத் தெரியாத கை தண்ணீர் ஊற்றுவது போல.

அடிவாரத்துக்கு வந்தபோது எட்டுக் கோடும் நிறைந்திருந்தது.

ரெஜினா டீக்கடை முன் நிறுத்தினார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பழக்கத்தில் குனிந்து சக்கரத்தையும் பார்த்தார்.

"என்னங்ணா, இன்னிக்குப் புகையே காணோம்? வண்டி பஞ்சருங்களா?"

சென்னியப்பன் இறங்கினார். டிஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன் சக்கரத்தருகே உட்கார்ந்தார். சிவப்புக் காராக இருந்தால் இந்த நேரத்தில் அதன் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போக முடியாது. எரிந்த நாற்றம் மூக்கைப் பிடுங்கும். கம்பிகளுக்கு நடுவே கையை மெதுவாகக் கொண்டுபோனார். வெறும் வெதுவெதுப்பு. ஆற வைத்த பால் டம்ளர் அளவு.

கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"கோச், மேல ரெண்டு கோடுதானுங்க இருந்துச்சு. இங்க எட்டு. நடுவுல ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கலை. இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

ரெஜினா அவர் கக்கத்திலிருந்த டிஸ்க்கை வாங்கினார். அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்து நகர்த்தினார். ஓரத்தில் ஒரு விளிம்பு. அதற்கு உள்ளே, பிரேக் கவ்வுகிற இடம் முழுக்க வட்டமாகக் குழி. நெல் மணி ஆழத்துக்கு இரும்பு இல்லை.

"மலை உங்களுக்கு ஆறு வருசமும் குடுத்துக்கிட்டுத்தானுங்ணா இருந்துச்சு. நீங்க புகையாக்கி விட்டுட்டீங்க."

சென்னியப்பனின் கட்டைவிரல் அந்தக் குழியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. டீ வந்தது. டீயின் மேல் ஆடை படிந்தது. அவர் எடுக்கவில்லை.

போன் அடித்தது. புரோக்கர்.

"ஐயா, என்ன முடிவு பண்ணீங்க? நான் வீட்டுக்கு வரட்டுங்களா?"

"வீட்டுக்கு வேண்டாம். செவப்பு வண்டிச் சாவி ஒண்ணு பட்டறையில இருக்குது. பேப்பரை நாளைக்குக் காலையில அங்க கொண்டா. எட்டு மணிக்கு வைண்டிங் செக்ஷன் ஆளுங்க வந்துருவாங்க, அவங்களுக்கு முன்னாடியே வா."

டீக்கு அவரே காசு கொடுத்தார். கடைக்காரர் சில்லறையை இரண்டு தடவை பார்த்தார்.

ரெஜினா கார்ச் சாவியை நீட்டினார். பிறகு பின்சீட்டில் ஏறி, டிஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சென்னியப்பன் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். பிரேக்கில் காலை வைத்தார். பட்டனை ஒரு தடவை அமுக்கினார்.

ஒரு சத்தமும் இல்லை.

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.