ஒரு சென்டிமீட்டர் சுகந்தி

ஜெசிந்தாவிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மயில்சாமிதான் வயதில் மூத்தவர். அவருக்கு அறுபத்து மூன்று, ஆசிரியைக்கு முப்பத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், அந்தப் பெண்ணை "டீச்சர்" என்று கூப்பிட ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

கூச்சப்பட அவசியமும் இல்லை. போத்தனூரில் ஜெசிந்தா வீட்டுக் கார் ஷெட்டில் காருக்குப் பதிலாக ஒரு ஜப்பான் இருந்தது. தெர்மாகோலில் செதுக்கிய மலை, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துச் சாயம் ஏற்றிய செர்ரி மரங்கள், நடுவே விரல் உயரத்தில் ஓடும் பொம்மை ரயில். அந்த நாட்டுக்குப் போகாமலே அத்தனையும் செய்திருந்தாள். பார்க்க வருகிறவர்கள் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவளிடம் பாடம் கேட்கப் போன நானும் அப்படித்தான் பேசினேன்.

மயில்சாமியின் மகள் சுகந்தி ஜப்பானில் வேலை பார்க்கிறாள். தினமும் அவள் ரயில் ஏறும் சின்ன ஸ்டேஷனை, அவள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்து ஒரு பலகையின் மேல் செய்துகொண்டிருந்தார் அவர். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாள். பார்த்ததும் 'இது என் ஸ்டேஷன்' என்று அவள் சொல்ல வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் வைத்தார். ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தத் தகரக் கூரை எதுல பண்ணீங்க சார்?"

"பிஸ்கட் டப்பாவுக்குள்ள நெளிநெளியா ஒரு அட்டை வருமில்லீங்களா, அதுலங்க."

"துரு?"

"செங்கல் பொடிங்க."

"எனக்கு இது தோணலையே," என்றாள். அவள் யாரையும் சும்மா பாராட்டுகிறவள் இல்லை.

மயில்சாமியின் முகம் தெளியவில்லை. "எல்லாம் இருக்குதுங்க டீச்சர். ஆனா உசுரு இல்லைங்க. எங்க தப்புன்னு தெரியல."

"சுண்டல் எங்க சார்?"

"சுண்டலுங்களா?"

"கொலு வெச்சா சுண்டல் குடுக்கணுமில்ல?"

மயில்சாமி பலகையைப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடையோடு ஒரு கிழவி, இன்னும் யார் யாரோ. மொத்தம் இருபத்திரண்டு பொம்மைகள். இருபத்திரண்டும் தண்டவாளத்துக்கு முதுகையும் நமக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. வருஷா வருஷம் நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை அடுக்கிய கை, ஜப்பானிலும் அப்படியே அடுக்கியிருந்தது.

"நீங்க கடைசிப் பெட்டியில நின்னு போனவரு. வண்டி கிளம்புறப்போ பிளாட்பாரத்துல உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

"பின்மண்டைதானுங்க," என்றார் யோசிக்காமல். "அவங்கவங்க ஆளு முன்னாடி பெட்டியில போயிட்டிருப்பாங்க. எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக் கையாட்டிட்டு நிப்பாங்க. என்னையப் பார்த்து ஆட்டுனது கொழந்தைங்க மட்டும்தானுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. நல்லவேளை, பொம்மைகளுக்கு இன்னும் பசை வைக்கவில்லை. இடுக்கியை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரைத் திருப்பினார். கிழவியைத் திருப்பினார். பிள்ளைகளில் ஒருத்தியை மட்டும் பக்கத்தில் இருப்பவளோடு பேச விட்டார். அது டீச்சர் சொல்லிக்கொடுக்காதது. இருபத்தொரு பொம்மைகள் திரும்பியதும், அந்த ஸ்டேஷனுக்கு எந்த நிமிஷமும் வண்டி வரும் போல இருந்தது.

இருபத்திரண்டாவது, முதுகில் சிவப்புப் பை மாட்டிய பெண். அங்கே இடுக்கி நின்றுவிட்டது.

"இது மட்டும் இப்படியே இருக்கட்டுங்க."

"யாரு, சுகந்தியா?"

"ஆமாங்க."

ஒரு சென்டிமீட்டர் பொம்மை. பிரஷ்ஷில் ஒரே ஒரு மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டி, பூதக்கண்ணாடி வைத்து, மூன்று நாள் உட்கார்ந்து கண்ணும் சிரிப்பும் எழுதியிருந்தார். அப்படியொரு வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை.

"போட்டோவுல எல்லாம் இப்படித்தானுங்க சிரிச்சிட்டு நிப்பா."

"போட்டோவுலதான சார் உங்களைப் பார்த்து நிக்கிறாங்க. தினம் காலையில யாரைப் பார்த்து நிப்பாங்க?"

மயில்சாமி குனிந்து அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணையும் தண்டவாளத்தின் பக்கம் திருப்பி வைத்தார். முகம் மறைந்தது. வேலைக்குக் கிளம்பிய ஒருத்தியின் முதுகும் சிவப்புப் பையும் தெரிந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப, அவ முகத்தை நான் எங்கேங்க டீச்சர் பாக்குறது?"

தூசி படாமல் இருக்க, ஓர் அட்டைப்பெட்டியைப் பலகையின் மேல் மெல்லக் கவிழ்த்தாள் ஜெசிந்தா.

"ஞாயித்துக்கிழமை வர்றாங்கல்ல சார்."